படம்: வசந்தாமணி

இரண்டாவது ஊசியும் ஏறிவிட்டது. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்குப் பயந்து அல்ல. வாரத்துக்கு இரண்டு தடவை ஈரோட்டில் இந்தக் கட்டிலில் வந்து படுத்து இடது கையை நீட்டிக் கொடுக்கிறவளுக்கு ஊசி ஒரு பெரிய விஷயமா. கதவைப் பார்க்கக்கூடாது என்றுதான் மூடிக்கொண்டாள். அந்தக் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் போட்டோக்காரத் தம்பி நவநீதன்தான் வருகிறானோ என்று பார்க்கத் தோன்றுகிறது. வரவேண்டும் என்றும் இருக்கிறது, இன்றைக்கு மட்டும் வராமல் இருந்தால் தேவலை என்றும் இருக்கிறது. இதென்ன பிழைப்பு. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. கையிலிருந்து கிளம்பிய ரத்தம் குழாய் வழியாகப் போய், மெஷினில் செருகியிருக்கும் அந்த உருளைக் குடுவைக்குள் நுழைந்து, கழுவிக்கொண்டு திரும்பி வரும். கெட்டுப்போன இரண்டு சிறுநீரகத்துக்கும் சேர்த்து அது வேலை செய்து முடிக்க நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் எழுந்து ஓட முடியாது. யார் வந்து என்ன கேட்டாலும் படுத்தபடியே பதில் சொல்லியாக வேண்டும். ஏன் திருடினாய் என்று கேட்டால்கூட. திருட்டா அது? திருட்டு என்றால் எடுத்து மறைத்து வைக்கவேண்டும், இது ஊரெல்லாம் ஒட்டப்போகிற நோட்டீஸ். ஊரறியச் செய்தால் திருட்டு இல்லை என்று ஆகிவிடுமா என்று இன்னொரு மனசு கேட்டது. வசந்தாமணிக்கு மனசு இப்படி இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவது புதிதில்லை. ஜவுளிச் சந்தையில் விற்பனைக்கென்று ஒரு கட்டு நைட்டி எடுப்பதற்கு முன்னால்கூட அப்படித்தான் நடக்கும். ஆனால் அங்கே எந்த மனசு ஜெயித்தாலும் கடைசியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நைட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நோட்டீஸ் போனில் இருக்கிறது. போன் தலையணைக்கடியில் இருக்கிறது. வலது கை சும்மாதான் கிடக்கிறது, எடுத்துப் பார்க்கலாம், ஆனால் பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு போட்டோ கண்காட்சி. பல பேருடைய படங்களில் நோட்டீஸில் போடுவதற்கென்று பொறுக்கியது அவளும் நவநீதனும் சேர்ந்து எடுத்த படத்தை. இதே வார்டில், இதே கட்டிலில், இதே கையோடு எடுத்து, இரண்டு பேர் போன் நம்பரையும் எழுதி அனுப்பிவைத்தது. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'படம்: வசந்தாமணி' என்று இருக்கிறது. அவ்வளவுதான். நவநீதன் பெயர் வரவேண்டிய இடம் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது. இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு வார்த்தை. கண்காட்சி நடத்துகிற மேடம் போன வாரம் கூப்பிட்டு விவரமெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், இந்தப் படத்தை எடுத்தது யார் என்றார். வசந்தாமணி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக, "நாந்தானுங்க மேடம் எடுத்தேன், ஆசுபத்திரியில எடுத்தது" என்றாள். அதில் என்ன தப்பு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவள் போட்டோ எடுத்துவிட்டு வந்தேன் என்கிறாள். அவளா எடுத்தாள்? சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு வருகிற அவள் புருஷன் குழந்தைவேல் முடி வெட்டிவிட்டு வந்தேன் என்கிறான். கத்தரி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எக்ஸ்ரே எடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன், ஊசி போட்டேன் என்று இந்த வார்டில் படுத்திருக்கிற அத்தனை பேரும் அசையாமல் படுத்துக்கொண்டே எல்லா வேலையையும் தாங்களே செய்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். டயாலிசிஸ் பண்ணுகிறேன் என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். பண்ணுவது மெஷின், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது டெக்னீசியன் ஜெனிபர். படுத்துக் கிடப்பவளுக்கு அந்த ஒரு வார்த்தையாவது மிஞ்சட்டும் என்று தமிழில் விட்டுவைத்திருக்கிறார்கள் போல. மேடம் அந்த வார்த்தையை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டுவிட்டார். சரி, அது மேடம் செய்த தப்பு. அதற்குப் பிறகு நடந்தது யார் செய்த தப்பு?

ஜெனிபர் வந்து பிரஷர் பார்த்தாள். என்னக்கா ஏறிக் கிடக்கிறது, தூங்கவில்லையா என்றாள். தூங்கினேன் என்று சொல்லிவைத்தாள். பொய்தான். ஜெனிபர் முகத்தைப் பார்த்தால் இவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அதற்குள் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் நிற்கவே மாட்டாள். நவநீதனும் முதல் நாள் இப்படித்தான் கட்டில் கட்டிலாக வந்திருக்கிறான். வார்டுக்குப் புது மெஷின்கள் வந்தபோது ஒரு திறப்பு விழா வைத்தார்கள், ரிப்பன் வெட்டுகிறவர்களைப் படம் பிடிக்கப் பெருந்துறை ஸ்டூடியோவிலிருந்து வந்தவன் அவன். விழா முடிந்து எல்லோரும் கேசரி சாப்பிடப் போனபிறகும் கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். வசந்தாமணி தூங்கிக்கொண்டிருந்தாள். டிக்கென்ற சத்தத்தில் விழித்தால் எதிரே ஒரு ஆள் தன் கேமராவின் முதுகைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்கிறான். காட்டுங்கள் என்றாள். காட்டினான். வாய் திறந்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ செத்துக் கிடப்பதுபோல ஒருத்தி. அவளுக்கு வந்த கோபத்தில் மெஷினே கத்த ஆரம்பித்துவிட்டது. முதலில் அதை அழிக்கச் சொன்னாள். அழித்தான். அழித்துவிட்டுப் போயிருந்தால் அதோடு போயிருக்கும். போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, தப்புத்தான், அப்படியானால் எப்படி எடுப்பது என்று நிஜமாகவே தெரியாதவன்போலக் கேட்டான். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கையை அங்கே வை, தலையை இங்கே சாய் என்று பாடாய்ப் படுத்துகிற ஆளுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே அதிசயம். நான் சொல்கிறபோது எடுங்கள் என்றாள் அவள், ஆளைத் துரத்துவதற்காக. மறுவாரம் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு நீளமான ஒயரும் அதன் நுனியில் ஒரு சுவிட்சுமாக வந்து நின்றான். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, எந்த இடம், எந்த வெளிச்சம் என்று பார்த்துவைத்துவிட்டு, சுவிட்சை அவளுடைய வலது கையில் கொடுத்தான். எப்போது அமுக்குவது என்பது இனி உங்கள் பாடு என்றான். எடுத்ததையெல்லாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்ப்பது, ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அழித்துவிடுவது என்று பேச்சு.

அதிலிருந்து அவளுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்த நைட்டி என்று முதல் நாளே எடுத்துவைத்துவிடுவாள். அவனுக்குப் பூப் போடாத வெறும் நிறம் வேண்டும், அவளுக்குப் பெரிய பெரிய பூவாக வேண்டும். பூப்போட்டதுதான் ஓடும் என்று வியாபாரத்தைச் சொல்லிச் சண்டை போடுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் கூடையை நகர்த்தட்டுமா என்பான். கூடை இருந்தால்தான் அது என் கட்டில் என்பாள். அவன் இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வான். சில நாள் அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும், ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினதும் கூடைக்குள் இருக்கிற டிபன் டப்பாகூட மினுங்கும், அவள் வாயை மூடிக்கொள்வாள். இடது கையை மட்டும் போர்வைக்கடியில் வைத்துக்கொண்டாள். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த அந்தக் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நரம்பு புடைத்து முடிச்சு முடிச்சாக நிற்கும். வெளியே போனால் வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கைதான். ஒருமுறை நைட்டி பார்க்க வந்த பெண் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, பிரித்த துணியை மடிக்காமலேயே வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் தெருவில் யாருக்கும் அந்தக் கையைக் காட்டினதில்லை. நவநீதன் கையை வெளியே எடுங்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்கவே மாட்டேன் என்கிறானே என்று அவளுக்கே ஒரு கட்டத்தில் எரிச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை போர்வையைத் தானே தள்ளிவிட்டு, கையைப் படுக்கைமேல் நீட்டிவைத்து, டிக்கென்று அமுக்கினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது குழந்தைவேலின் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கையை வெளிக்காற்றில் வைத்துக்கொண்டே போனாள்.

கால் இழுக்கிறது. வலது கெண்டைக்கால். மெஷின் தண்ணீரை இழுக்க இழுக்க இப்படித்தான் நரம்பு முறுக்கிக்கொள்ளும். பாதத்தை மடக்கிக் கட்டில் கம்பியில் உதைத்துக்கொண்டாள். மெல்ல விட்டது. ஜெனிபரைக் கூப்பிட வேண்டாம். கூப்பிடுவதற்குத் தலைமாட்டில் ஒரு சுவிட்ச் தொங்குகிறது, அமுக்கினால் அங்கே மேஜையில் மணி அடிக்கும். இந்தச் சுவிட்சும் அந்தக் கேமரா சுவிட்சும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நோட்டீஸுக்குப் போன அந்தப் படம் எடுத்த அன்று நவநீதன் டீ குடிக்கப் போயிருந்தான். திடீரென்று காதுக்குள் ஒரு ரீங்காரம், உதட்டைச் சுற்றி வேர்வை, கூரை மேலே மேலே போகிறது. பிரஷர் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கையில் இருந்த சுவிட்சை அமுக்கினாள். டிக். யாரும் வரவில்லை. ஜெனிபர் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். டிக், டிக். இந்த மணி ஏன் அடிக்கமாட்டேன் என்கிறது என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேமரா பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவள் பிழைக்கக் கூப்பிடுகிறாள், அது அவளைப் படம் எடுக்கிறது. டீயோடு திரும்பிய நவநீதன் கதவருகே அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைப் போட்டுவிட்டுக் கத்தினான். ஜெனிபர் ஓடிவந்து கால் பக்கத்தை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டு, கன்னத்தைத் தட்டிக் கொஞ்ச நேரத்தில் ஆளை மீட்டுவிட்டாள். அதன்பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், ஆனால் நவநீதன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்க்காமலேயே அழித்துவிடலாம் என்றான். அவள்தான் பார்க்கவேண்டும் என்றாள்.

எல்லாமே கலங்கல், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் இடது கை முடிச்சுகளோடும் குழாய்களோடும் வெள்ளை விரிப்பின்மேல் நீண்டு கிடக்கிறது. வலது கை சுவிட்சைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறது. முகம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த முகத்தைத்தான் வசந்தாமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழைக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசை தன் முகத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நோய் வந்த நாளிலிருந்து, இருந்தால் சரி, போனாலும் சரி என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருப்பவள். குழந்தைவேலிடம் சொல்வாள், ஜெனிபரிடம் சொல்வாள், நைட்டி வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்வாள். அத்தனையும் பொய் என்று அந்தப் படம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இது வேண்டாம் அக்கா, நீங்கள் கூப்பிட்டபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன், இதை என் படம் என்று எப்படிச் சொல்வது என்றான் அவன். வேண்டும் என்றாள் அவள். அமுக்கினது அவள், ஆனால் படம் எடுப்பதற்காக அமுக்கவில்லை. இடமும் வெளிச்சமும் பார்த்துவைத்தது அவன், ஆனால் அந்த நேரத்தில் அவன் அங்கே இல்லை. அவன் ஸ்டாண்டை வைத்துவிட்டுப் போகாவிட்டால் இந்த முகம் யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கும், அவளுக்கும் சேர்த்து. கோயம்புத்தூர் மேடம் இதைத்தான் நோட்டீஸில் போடுகிறார் என்று தெரிந்த அன்று ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே நவநீதன், "பேரு வருமுங்க்கா, அச்சுல" என்றான். எட்டு வருஷமாக அவன் எடுத்த கல்யாண ஆல்பத்திலெல்லாம் ஸ்டூடியோ முதலாளியின் முத்திரைதான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான்.

தெரிந்தும்தான். இதற்கு மேலே போகாமல் மனசு இந்த இடத்தில் வந்து வந்து நின்றுவிடுகிறது, மேட்டில் ஏறமாட்டாத வண்டிபோல. மேடம் நோட்டீஸை அனுப்பி, தப்பு ஏதாவது இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். தப்பு இருந்தது. முதல் பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் அதைத் தாண்டி இன்னொன்றும் தெரிந்தது: வசந்தாமணி என்கிற பெயர், பக்கத்தில் யாரும் இல்லாமல், தனியாக. தெருவில் அவள் நைட்டிக்கார அக்கா. வங்கியில் குழந்தைவேல் சம்சாரம். இந்த வார்டில் நாலாம் நம்பர் கட்டில். அச்சில் அவள் பெயர் வந்ததே அவளுடைய கல்யாணப் பத்திரிகையில்தான், அதிலும் பக்கத்திலேயே ஒரு பெயரைப் போட்டுக் கட்டிவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படித்தாள், கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். குழந்தைவேலிடம் காட்டினாள். நீ எப்போது போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டுவிட்டு, பேர் எடுப்பாகத்தான் இருக்கிறது என்றான். அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவதே அபூர்வம். அந்த வேகத்தில் மேடத்துக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டாள். பத்தாவது வரை படித்தவள், போயும் போயும் ஒரு கைநாட்டு வைத்தாள். வைத்த கையோடு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. உடனே மேடத்தைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சரி என்றீர்கள் என்று கேட்பாரே என்று விட்டாள். ஒரு நாள் தள்ளத் தள்ளப் பொய்க்கு வயசு ஏறிக்கொண்டே போனது. முகூர்த்த நாட்கள், நவநீதன் தாராபுரம் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருந்தான். வேலைக்குப் போனாலும் நடுவில் ஏதாவது ஒரு படத்தையோ ஒரு வரியையோ அனுப்புகிறவன், இந்தத் தடவை ஒன்றும் அனுப்பவில்லை. வேலை அதிகமா, அல்லது மேடம் அவனுக்கும் அனுப்பிவிட்டாரா. பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறானா, பார்க்காமல் சந்தோஷமாக இருக்கிறானா. எது மோசம் என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை. அவன் வந்தால் சொல்வதற்கென்று ஒரு சமாதானம் தயாராக இருந்தது: கையில் கரண்டி இருந்தது, மேடம் கேட்டார், ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னேன், அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். எல்லாம் உண்மை. கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டால் எல்லாமே உண்மை. அவன் இனிமேல் வராமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். மெஷின் ஓடும், ஜெனிபர் பிரஷர் பார்ப்பாள், ரத்தம் போய்விட்டு வரும். அவள் மறுபடியும் எந்த நைட்டி என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வந்து, போர்வைக்கடியில் கையை வைத்துக்கொண்டு, நாலாம் நம்பர் கட்டிலாகக் கிடப்பாள். இதை நினைத்ததும் போனை எடுத்து மேடத்தின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். பிறகு, முதலில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று திரும்ப வைத்துவிட்டாள். அது நியாயமா, இன்னொரு தள்ளலா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மெஷின் நேரம் முடிந்ததென்று கூவியது. ஜெனிபர் வந்து குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தையெல்லாம் உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு ஊசியை உருவிப் பஞ்சு வைத்து ஒட்டினாள். இரண்டாவதை உருவி, பஞ்சை வைத்து, அமுக்கிக்கொள்ளச் சொன்னாள். வசந்தாமணி வலது கையால் அமுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது நவநீதன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். எப்போது கதவு திறந்தது என்றே தெரியவில்லை. கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றான்.

"வாங்க தம்பி" என்றாள்.

"வந்தனுங்க்கா."

"நோட்டீசு பாத்தீங்களா?"

"அன்னைக்கே பாத்தனுங்க. மேடம் எனக்கும் அனுப்புனாங்க."

தயாராக வைத்திருந்த சமாதானத்தில் கரண்டி மட்டும்தான் ஞாபகம் வந்தது, மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன் முகம் கோபமாக இருந்திருந்தால் அவளும் ஏதாவது பேசியிருப்பாள். அது கண்டக்டரிடம் சில்லறை வாங்க மறந்து இறங்கிவிட்டவன் முகம்போல இருந்தது.

"மேடம் தப்பாத்தான் போட்டாங்க தம்பி. ஆனா தப்புன்னு தெரிஞ்சும் நாந்தான் செரின்னு அனுப்பிட்டேன். என்ற பேரு தனியா இருந்துச்சா, பாக்க நல்லா இருந்துச்சு. அதான்" என்றாள்.

அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாகவும், பாதி வழியில் இறங்கி மறுபடியும் பஸ் ஏறியதாகவும் தரையைப் பார்த்துச் சொன்னான். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க்கா. கேக்காம எடுத்ததுதான் கஷ்டமாப் போச்சு" என்றான். வசந்தாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. வலது கை பஞ்சின்மேல் இருக்கிறது, இடது கையை அசைக்கக்கூடாது. நீர் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போனது, போகட்டும் என்று விட்டாள். அந்தப் போனை எடுத்துக் கொடுங்கள் என்றாள். தலையணைக்கடியிலிருந்து எடுத்து நீட்டினான். வாங்குவதற்கும் கை இல்லை. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் முழித்தார்கள். அதற்குள் எதிர்க் கட்டிலில் மெஷின் கத்த, ஜெனிபர் போகிற போக்கில் ஒரு கையுறையை அவனிடம் கொடுத்து, சும்மாதானே நிற்கிறீர்கள், அந்தப் பஞ்சைப் பிடியுங்கள் என்றாள். ரொம்ப அழுத்தக்கூடாது, விட்டுவிடவும் கூடாது என்று அங்கிருந்தே சொன்னாள். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு தயங்கினான். இத்தனை நாளில் அவன் அவளைத் தொட்டதில்லை, சுவிட்சைக்கூட விரல் படாமல்தான் கொடுப்பான். அவள் தன் விரலை விலக்க விலக்க அவன் விரல் அந்த இடத்துக்கு வந்தது.

ஒழிந்த வலது கையில் போனை வாங்கிக் கூப்பிட்டாள். மேடம் இரண்டாவது மணியில் எடுத்தார். வசந்தாமணி விஷயத்தைச் சொன்னாள், கட்டைவிரலையும் சேர்த்து. மேடம் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் குழம்பிப் போனார். ஒரு படத்தை இரண்டு பேர் எப்படி எடுக்க முடியும், பட்டனை அமுக்கினவர் ஒருத்தர்தானே, இன்னொருவர் பெயரை வேண்டுமானால் உதவி என்று போடட்டுமா என்றார். உதவி என்ற வார்த்தை அவளுக்குச் சுருக்கென்றது.

"உதவி எல்லாம் இல்லீங்க மேடம். அமுக்குனது நானு. ஆனா எதுக்கு அமுக்கறோம்னு எனக்கே தெரியாதுங்க. அவரு எடம் பாத்து வெச்சுட்டுப் போகலீன்னா அது வெறுஞ் சுவிட்சு. நா இல்லீன்னா அது வெறுங் கட்டலு. ரெண்டு பேரும் எடுத்ததுங்க. அப்படியே போடுங்க, இல்லாட்டி நோட்டீசுல வேற படம் போட்டுக்குங்க."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. வேறு படம் போட்டுவிட்டால் அவள் பெயரும் போய்விடும். போனால் போகட்டும் என்று இருந்தது, கட்டைவிரலை அனுப்பிய பிறகு முதல் தடவையாக நெஞ்சு படபடக்கவில்லை. மேடம் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, சரிங்க, இரண்டு பேரையும் போட்டுவிடுகிறேன், யார் பேர் முன்னால் வரவேண்டும் என்றார்.

அவனைக் கேட்கலாம் என்று திரும்பினாள். அவன் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குனிந்து, விரலுக்கடியில் எதையோ உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உள்ள என்னமோ ஓடுதுங்க்கா" என்றான் மெதுவாக. "பூனையத் தடவுனா உள்ளுக்குள்ள கொர்ர்னு ஓடுமே, அந்த மாதிரி."

டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்த நரம்பை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த நாளிலிருந்து அது அப்படி அதிர்ந்து ஓடுகிறது. காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். ஓடினால் அன்றைய பொழுது உண்டு. இத்தனை நாள் அந்தக் கையை எத்தனையோ கோணத்தில் எடுத்தவனுக்கு அது தெரியாது, எந்தப் படத்திலும் அது விழுந்ததில்லை. குழந்தைவேலுக்கே அவள் காட்டினதில்லை. அவன் எதையோ தொடக்கூடாததைத் தொட்டுவிட்டவன்போல விரலைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தான்.

"கைய எடுத்துராத, கண்ணு" என்றாள் வசந்தாமணி. "அது நாந்தான்."

அவன் எடுக்கவில்லை. போனில் மேடம், ஹலோ, யார் பேருங்க முன்னால் என்று மறுபடியும் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றாள். "இப்ப ரெண்டு பேருக்கும் கை ஒழியலீங்க."